யாழ்ப்பாணம் வருகிறீர்களா? எதை முதலில், எதை அப்புறம்: ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துக்கு வருகிற விருந்தாளிகளைக் கூட்டித் திரிவது எனக்கு வழக்கமாகிவிட்டது. சென்னையிலிருந்து வருகிறவர்கள், ரொறன்ரோவில் பிறந்து அப்பாவின் ஊரை முதல் தடவை பார்க்க வருகிற பிள்ளைகள், கொழும்பிலிருந்து வார இறுதிக்கு வருகிற நண்பர்கள் என்று பல வகை. எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். காரணம் பெரும்பாலும் வரிசை. வந்த அன்றே நெடுந்தீவுக்கு ஓடுவார்கள். ஏறின முதல் ஓட்டோவிலேயே சண்டைக் கதை கேட்பார்கள். கடைசி நாள் பின்னேரம்தான் நூலகத்துக்குப் போய், உள்ளே விடவில்லை என்று கவலைப்படுவார்கள்.

கீழே உள்ள ஒழுங்கு நாலு முழு நாட்களுக்கானது. மூன்று நாள்தான் இருக்கிறதென்றால் தீவை விடுங்கள், நகரத்தை விடாதீர்கள்.

1. மாதத்தைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் உச்சத்துக்கு ஏறியிருக்காது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வாடைக் காற்றும் மழையும். நனைவதைச் சமாளிக்கலாம், ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பல் அந்த மாதங்களில் நின்றுவிடும். தீவுப் படகுகளும் கடலின் குணத்தைப் பார்த்துத்தான் ஓடும். மே தொடங்கி செப்டெம்பர் வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும். அப்போது நெடுந்தீவுப் படகில் வயிறு கலங்காமல் போய்வருவது எல்லாருக்கும் முடியாது.

ஆகஸ்ட்டை ஒட்டி நல்லூர்த் திருவிழா, 25 நாள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் கோயிலைச் சுற்றி வீதிகளை மூடிவிடுவார்கள், வெளிநாட்டிலிருந்து உறவுகள் வந்து அறைகள் நிறைந்துவிடும். திருவிழாவுக்கு வருகிறவர்கள் திருவிழாவுக்கு மட்டும் வாருங்கள். ஊர் பார்க்க இன்னொரு முறை வரலாம்.

மே 18, நவம்பர் 27 ஆகிய நாட்கள் போரில் இறந்தவர்களை நினைக்கிற நாட்கள். விளக்கேற்றுவார்கள், அழுவார்கள், பொலிஸ் நடமாட்டமும் கூடுதலாக இருக்கும். தெரிந்த குடும்பம் கூப்பிட்டால் போங்கள். கேமராவோடு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

2. வெளிக்கிட முன் கையில் இருக்க வேண்டியவை

விசாவுக்கு இலங்கை அரசின் அதிகாரபூர்வத் தளத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் வாங்குகிற தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். படகுத்துறையிலோ வீதியிலோ கேட்டால் மூலத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

டிரோனை வீட்டிலேயே விட்டுவாருங்கள். முன்அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. இராணுவ முகாம்கள் இவ்வளவு உள்ள இடத்தில் அதை வைத்துக்கொண்டு திரிவது வீண் தலையிடி.

ஸ்கூட்டர் எடுத்து ஓட நினைத்தால், இந்திய உரிமம் மட்டும் போதாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இலங்கையில் அதற்கான ஒப்புதலும் வேண்டும். வாடகைக் கடைக்காரர் கேட்கமாட்டார். வீதியில் மறிக்கிற பொலிஸ்காரர் கேட்பார்.

ஆண்கள் ஒரு வேட்டி கொண்டுவாருங்கள், நல்லூருக்குத் தேவைப்படும். குடும்ப ஊரைத் தேடி வருகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். பழைய விலாசத்தை நம்பாமல், அப்பா அம்மாவிடம் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: பக்கத்துக் கோயில், பக்கத்துப் பள்ளிக்கூடம், தாத்தாவை ஊரில் எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்பது. வீட்டு இலக்கம் சொல்லித் தேடுகிறவர்கள் ஒழுங்கை (சந்து) ஒழுங்கையாக அலைவார்கள். "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால, தபால்காரர் வீடு" என்று சொல்பவர் பத்து நிமிஷத்தில் போய்ச்சேர்வார்.

3. பகலில் வந்து சேருங்கள்

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலிக்கு நேர் விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். நாகப்பட்டினத்திலிருந்து வடக்குக் கரைத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பல் நாலு மணி நேரம் அளவில். கப்பல் சேவை தொடங்கியது 2023 அக்டோபரில். அதன் பிறகு பலமுறை நின்று நின்றுதான் ஓடுகிறது. ஆகவே கப்பலில் வருகிறவர்கள் திரும்பும் நாளுக்கு அடுத்த நாள் முக்கிய வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கொழும்பு வழியாக வருகிறவர்களுக்கு என் ஆலோசனை பகல் ரயில். ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஏழு மணி நேரம் அளவில் ஆகும். 1990 இல் நின்ற ரயில் 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இருக்கை முன்பதிவு திறந்தவுடனே போட்டுவிடுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும். திருத்த வேலைக்காகப் பாதையை மாதக்கணக்கில் மூடியதும் உண்டு, ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பகலில் வரச் சொல்வதற்குக் காரணம் ஆனையிறவு. இருபுறமும் நீர், உப்பளம், ஒரு மரம்கூட இல்லாத வெளி. குடாநாட்டுக்குள் நுழைய இந்த ஒடுங்கிய தரைதான் பிரதான வழி, அதனால்தான் திரும்பத் திரும்ப இங்கே சண்டை நடந்தது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகரத்துக்குள் வந்தால், பிறகு கேட்கிற பல கதைகள் தானாகவே விளங்கும். இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் இதைத் தூங்கிக் கடந்துவிட்டு, விடியப்புறம் நாலரைக்குப் பூட்டிய கடைகளுக்கு முன்னால் பெட்டியோடு நிற்பார்கள்.

4. நல்லூர்ப் பக்கம் தங்குங்கள்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை மலிவு, சத்தமும் அதிகம். நல்லூர்ப் பக்கம் வீட்டோடு சேர்ந்த விடுதிகள் இருக்கின்றன. வீட்டுக்காரரோடு காலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கிடைக்கிற தகவல் எந்த வழிகாட்டியிலும் கிடைக்காது. இரவு எட்டு, ஒன்பதுக்குள் ஊர் அடங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

5. முதல் நாள்: நகரத்தை நடந்து பாருங்கள்

இதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். நகரம் சின்னது, பார்க்க வேண்டியவை கிட்டக் கிட்ட இருக்கின்றன. முதலில் இன்றைய ஊரைப் பாருங்கள். காலையில் சந்தை, அப்புறம் நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதி. மனிதர்கள் விலை பேசுவதையும் சைக்கிளில் வாழைக்குலை ஏற்றுவதையும் பார்த்துவிட்டுப் போனால், இடிபாடுகள் மட்டும்தான் யாழ்ப்பாணம் என்ற எண்ணம் வராது. சிதைவை மட்டும் தேடி வருகிறவர்களை ஊர்க்காரர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மத்தியானம் வெயிலில் நடக்காதீர்கள். சாப்பிட்டுப் படுத்து எழும்பி, மூன்றரைக்குப் பிறகு நூலகத்துக்குப் போங்கள். 1981 ஜூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவு எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. இப்போது நிற்பது திருத்திக் கட்டிய கட்டடம். உள்ளே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். வெளியார் எப்போது, எதுவரை போகலாம் என்பதற்கு விதி உண்டு, அது அடிக்கடி மாறும். ஆகவே காலையில் அந்தப் பக்கம் போகும்போதே வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். செருப்பைக் கழற்றுங்கள், படிக்கிறவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

அங்கிருந்து கோட்டை நடை தூரம். போகும் வழியில், வீரசிங்கம் மண்டபத்துக்குக் கிட்ட, 1974 தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் இறந்தவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

கோட்டைக்குள் நுழைந்ததும் கொத்தளத்தில் ஏறி சூரியனைப் படம் பிடிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் கீழே சுவரைத் தொட்டுப் பாருங்கள். பவளப்பாறைக் கற்கள். சிலவற்றில் பவளத்தின் வரிகள் அப்படியே தெரியும், சுருண்டு சுருண்டு. பழைய கற்களுக்கு நடுவே வெளிர் நிறத்தில் புதுக்கட்டு தெரிகிற இடங்கள் போருக்குப் பிறகு திருத்தியவை. உள்ளே ஓரிடத்தில் கற்குவியலாகக் கிடப்பது 1706 இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய தேவாலயம், 1990 முற்றுகையில் தரைமட்டமானது. இதையெல்லாம் பார்த்துவிட்டு மேலே ஏறினால் வெயிலும் தணிந்திருக்கும்.

6. இரண்டாம் நாள்: கோயில், அப்புறம் வீதிகள்

காலைப் பூசைக்கு நல்லூர். ஆண்கள் மேலாடை கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க முடியாது. பூசை சொன்ன நேரத்துக்கு நடக்கும். ஐந்து நிமிஷம் பிந்தி வந்து ஐயரிடம் பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

பிறகு சைக்கிள் எடுங்கள். பழைய கச்சேரி (அரச நிர்வாக அலுவலகம்), கூரையில்லாமல் வளைவுகள் மட்டும் நிற்கிற கட்டடம், வழியில் வரும். சோனகத் தெருப் பக்கமும் கட்டாயம் போங்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை, 70,000க்கும் மேற்பட்டோரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஓரிரு மணி நேரம். திரும்பி வந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். இந்தத் தெருவை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் போர் விட்ட தடத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் கணக்கு நேராகாது.

சுற்றும்போது கூரை விழுந்து, உள்ளே ஆலமரம் வளர்ந்த வீடுகளைக் காண்பீர்கள். வெளியே நின்று பாருங்கள், உள்ளே போகாதீர்கள். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, அது யாரோ ஒருவருடைய வீடு. சொந்தக்காரர் லண்டனிலோ பாரிஸிலோ இருப்பார், காணி உறுதியும் (பத்திரமும்) வழக்கும் இன்னும் முடிந்திருக்காது, பக்கத்து வீட்டுக்காரர் காவல். இரண்டாவது, கிணறு. இங்கே பழைய வளவு (வீட்டுக் காணி) ஒவ்வொன்றிலும் கிணறு உண்டு. கட்டு உடைந்து, பற்றை மூடிக் கிடந்தால் காலடியில் இருப்பதே தெரியாது. பின்பக்கத்துச் சுவரில் சன்னம் (துப்பாக்கிக் குண்டு) பட்ட அடையாளத்தைப் படம் எடுக்கப் பின்னுக்குப் பின்னுக்கு நகர்கிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

7. கதைக்கிற முறை

வரிசையில் இதை நடுவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் மூன்றாம் நாளுக்குள் உங்களுக்குப் பழக்கமானவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், கதை வரத் தொடங்கும்.

கேட்காதீர்கள், வரவிடுங்கள். "சண்டை நேரம் எங்கே இருந்தீங்கள்?", "இயக்கத்தில யாராவது இருந்தவையா?" என்ற இரண்டு கேள்விகளும் கதவைச் சாத்திவிடும். இயக்கம் என்றால் இங்கே விடுதலைப் புலிகள். இரண்டாவது கேள்வி சிலருக்கு உண்மையான ஆபத்து. புனர்வாழ்வு முடித்து வந்தவர், விசாரணைக்குப் போய்வருகிறவர், மகனைத் தேடிக்கொண்டிருக்கிறவர், யார் உங்கள் முன்னால் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

"உங்கட சொந்த இடம் எது?" என்று கேளுங்கள். அது சாதாரணக் கேள்வி, எல்லாரும் எல்லாரையும் கேட்பது. பதில் பெரும்பாலும் ஒரே ஊரில் முடியாது. "மயிலிட்டி. பிறகு மானிப்பாய். தொண்ணூற்றைந்தில சாவகச்சேரி, அங்கால கிளிநொச்சி..." என்று போகும். 1995 அக்டோபர் 30 அன்று நகரமும் அதைச் சுற்றியுள்ள வலிகாமப் பகுதியும் நாவற்குழிப் பாலத்தால் ஒரே இரவில் வெளியேறின. சொல்ல விருப்பமுள்ளவர் அந்த இடத்தில் தானே நிறுத்திச் சொல்வார். விருப்பமில்லாதவர் "தேத்தண்ணி ஊத்தட்டே?" என்பார். அதோடு விடுங்கள்.

வீடு, கிணறு, படித்த பள்ளிக்கூடம், மாடு, மரம் இவற்றைப் பற்றிக் கேட்கலாம். எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்கக் கூடாது. போனில் பதிவு செய்வதானால் முன்கூட்டியே கேட்க வேண்டும், மேசையில் கவிழ்த்துவைத்துப் பதிவது நம்பிக்கைத் துரோகம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாகச் சில. "உங்க தமிழ் எவ்வளவு அழகு, இன்னொரு தரம் பேசுங்க" என்று கேட்காதீர்கள். முதல் ஆள் சிரிப்பார், ஆறாவது ஆளுக்கு அலுத்துவிடும். வயதில் சின்னவர்களையும் முதலில் "நீங்கள்" என்றே கூப்பிடுங்கள், எடுத்தவுடன் "வா, போ" இங்கே காதில் கீறும். கடைக்காரர் அண்ணை அல்லது அக்கா. வயதானவர் ஐயா, அம்மா. மேடைப் பேச்சு உற்சாகத்தையும் மடித்துப் பெட்டியில் வையுங்கள். இழந்தவர் முன்னால் முழக்கம் போடுவது எளிது, அடுத்த நாள் இங்கே இருக்கப்போவது நீங்களல்ல.

இன்னொன்று தெரிந்துவைத்திருங்கள். நகர நடுவில் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குள் 1987 அக்டோபர் 21, 22 ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் ஊழியர்கள் அங்கே நினைவுகூருகிறார்கள். அமைதிப்படைக் காலம் பற்றி யாராவது கோபமாகக் கதைத்தால் அது உங்கள் மேலுள்ள கோபமென்று நினைக்காதீர்கள், விளக்கம் சொல்லவும் புறப்படாதீர்கள்.

8. மூன்றாம் நாள்: வடக்குக் கரை, மேற்கிலிருந்து கிழக்காக

முழு நாளுக்கும் ஓட்டோ பேசுங்கள். காத்திருப்புக் கூலி சேர்த்தா, சேர்க்காமலா என்று ஏற முன் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "வலிகாமம் வடக்குப் பக்கம் ஓடிப் பழக்கமா?" என்பதையும் கேளுங்கள், அங்கே எந்த வீதி திறந்திருக்கிறது என்று ஓடுகிறவருக்குத்தான் தெரியும்.

காலையிலேயே கீரிமலை. கேணி கடலோடு ஒட்டி இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. முற்பகலில் கூட்டம் சேர்ந்துவிடும், ஆகவே முதலில் குளிப்பு. அங்கிருந்து காங்கேசன்துறை, மயிலிட்டி. 1990 இல் இந்தப் பகுதி முழுவதும் மக்கள் வெளியேறி, பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. போர் 2009 இல் முடிந்த பிறகும் காணிகளைத் துண்டு துண்டாகத்தான் விட்டார்கள், மயிலிட்டித் துறைமுகம் 2017 இல். இன்னும் விடாத காணிகளும் உண்டு. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் புது வீடு, அந்தப் பக்கம் கூரையில்லா வீடு என்று ஒரே ஒழுங்கையில் பார்ப்பீர்கள்.

இங்கே வரைபடச் செயலியை நம்பி வண்டியைத் திருப்பாதீர்கள். அது காட்டுகிற சில வீதிகள் முகாம் வாசலில் முடியும். சில வீதிகள் பகலில் மட்டும், இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு திறந்திருக்கும். பலகையை வாசியுங்கள். முகாம், காவலரண், துறைமுகம் எதையும் படம் எடுக்க வேண்டாம். எடுத்துவிட்டு மறித்தால் வாதாடாமல் அழித்துக் காட்டுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயம், கூட வந்த ஓட்டோக்காரருக்கு அப்படி முடியாது. வண்டி இலக்கம் எழுதப்படுவது அவருடையது.

பிறகு வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறை. அங்கே தட்டை வடை வாங்குங்கள், வழிக்கு உதவும். பின்னேரம் மணற்காட்டு மணல்மேடு. வெயில் சாய்ந்த பிறகுதான் அந்த மணலில் கால் வைக்கலாம், கிழக்கைக் கடைசியாக வைத்தது அதற்காகத்தான்.

9. நாலாம் நாள்: ஒரு தீவு மட்டும்

நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறவர்கள் இரண்டையும் பார்ப்பதில்லை. குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து நயினாதீவு இருபது நிமிஷம், நெடுந்தீவு ஒரு மணி நேரம். வயதானவர்களோடு வந்தால் நயினாதீவு, நாகபூசணி அம்மன் கோயில். நடக்கத் தெம்புள்ளவர்கள் நெடுந்தீவு: பவளக்கல் வேலிகள், காட்டுக் குதிரைகள், பெருக்கமரம் (பாவோபாப்).

படகில் ஏற முன் திரும்பும் படகின் நேரத்தைக் கேளுங்கள். போகிற படகைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், வருகிற படகுதான் தவறும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அரிது. 1985 மே 15 அன்று இதே கடலில் குமுதினி படகில் போனவர்கள், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். படகில் பக்கத்தில் இருப்பவர் அந்தக் குடும்பங்களில் ஒருவராக இருக்கலாம், கூச்சலைக் குறையுங்கள்.

10. போகவே வேண்டாத இடங்கள்

நகரத்துக்குள் கண்ணிவெடிப் பயம் இல்லை. ஆனால் முகமாலைப் பக்கம் வீதியை விட்டு இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. மிதிவெடி அகற்றும் வேலை பல வருஷமாக அங்கே நடக்கிறது. சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மனிதப் புதைகுழி இருக்கிற செம்மணிக்குப் பார்வையாளராகப் போகாதீர்கள். 2025 இல் நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூட்டுத் தொகுதிகள் வெளிப்பட்டன. தன் பிள்ளை அதில் இருக்குமோ என்று காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

11. சாப்பாடு, சுருக்கமாக

மத்தியானச் சாப்பாட்டை ஒன்றரைக்குள் முடியுங்கள், பிந்தினால் நல்ல கறி தீர்ந்துவிடும். ஒடியல் கூழ் (பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) கடையில் நினைத்தவுடன் கிடைக்காது, வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். நண்டுக் கறி உறைப்பு, "உறைப்புக் குறைவாக" என்று சொன்னாலும் உறைக்கும்.

12. பெட்டி கட்டும்போது

பனங்கட்டி, கறித்தூள், புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) வாங்கலாம். பனங்கட்டி வெயிலில் இளகும், உடுப்போடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். நெடுந்தீவில் பொறுக்கிய பவளத் துண்டை அங்கேயே விட்டுவாருங்கள், கொண்டுபோவது சட்டப்படி பிரச்சினை.

பிள்ளைகளோடு வந்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடற்கரையிலும் வளவுகளிலும் துருப்பிடித்த வெற்றுத் தோட்டாக் கோதுகள் இன்னும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான், பலாலியில் பெட்டியைப் பார்க்கிற இயந்திரத்துக்கு அப்படியில்லை. விமானத்தைத் தவறவிட அந்த ஒரு கோது போதும். பெட்டியைப் பூட்ட முன் அவர்களின் காற்சட்டைப் பைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.